ஓரத்தில் நின்ற பிள்ளை

ஃபுட்பால் என்றதும் நமக்கெல்லாம் காலால் உதைத்து விளையாடும் பந்தாட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, 1998-ல் என் கணவரின் வேலை காரணமாக அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்துக்கு வந்து சேரும் வரையில். இங்கே ஃபுட்பால் என்றால் வேறு ஆட்டம். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் காலால் உதைப்பது எப்போதோ ஒரு தடவைதான். மற்ற நேரமெல்லாம் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், இல்லாவிட்டால் எறிந்து பிடிப்பார்கள். பக்கத்துக்குப் பதினோரு பேர். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நாலு முயற்சி கிடைக்கும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு பாயின்ட். பந்து வைத்திருப்பவனை எதிர்க்கட்சிப் பையன்கள் பாய்ந்து பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். சடுகுடு ஆடுகிறவர்கள் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து, தலைக்குக் கவசத்தையும் மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான்.

எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. சமையல், இரண்டு குழந்தைகள், வருஷத்தில் ஐந்து மாதப் பனி என்று என் பொழுதுக்கு அவையே சரியாக இருந்தன. என்னை இதற்குள் இழுத்துவிட்டவர் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா.

நாங்கள் குடியிருந்த ஊர் செயின்ட் கிளவுட். அங்கிருந்து காரில் இருபது நிமிஷம் போனால் காலேஜ்வில். ஆமாம், ஊருக்குப் பெயரே காலேஜ்வில்தான்! 1856-ல் இந்தப் பக்கம் வந்து மடம் அமைத்த பெனடிக்ட் சபைத் துறவிகள் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் கல்லூரி அங்கே இருக்கிறது. ஏரியும் காடும் சூழ்ந்த இடம். ஆண்களுக்கு மட்டுமான கல்லூரி; இரண்டாயிரம் பையன்கள்கூடக் கிடையாது. பெண்களுக்கு ஆறு கிலோமீட்டர் தள்ளி செயின்ட் பெனடிக்ட் என்று தனிக் கல்லூரி. படிப்பு இரண்டுக்கும் பொது, நடுவில் பஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் என்றால் லட்சம் பேர் உட்காரும் மைதானங்களையும், கோடிக்கணக்கில் புரளும் பணத்தையும்தான் டெலிவிஷனில் காட்டுவார்கள். அது முதல் பிரிவு. செயின்ட் ஜான்ஸ் மாதிரிச் சின்னக் கல்லூரிகளுக்கென்று 1973-ல் மூன்றாம் பிரிவு என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதில் ஒரு முக்கியமான விதி: நன்றாக விளையாடுகிறான் என்பதற்காக ஒரு பையனுக்கும் ஸ்காலர்ஷிப் தரக் கூடாது. எல்லாரையும் போலப் படிக்க வந்து, எல்லாரையும் போல ஃபீஸ் கட்டி, சாயங்காலம் ஆசைக்கு ஆடுகிற பிள்ளைகள். பார்க்க வருகிறவர்களும் பெரும்பாலும் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பழைய மாணவர்கள், ஊர்க்காரர்கள்.

2003 நவம்பர் 8-ந் தேதி, சனிக்கிழமை. பாட்டியம்மா வந்து கதவைத் தட்டினார். "இன்னிக்கு ஒரு நாளாவது வீட்டை விட்டு வெளியே வா. பையனையும் கூட்டிக்கோ. போர்வை எடுத்துக்கோ" என்றார். அவருடைய கணவர் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிவப்புத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஏழு வயதுப் பெரியவனை இழுத்துக்கொண்டு கிளம்பினேன். சின்னவள் அப்பாவோடு வீட்டில்.

மைதானம் ஒரு பள்ளத்தில் இருந்தது. சுற்றிலும் மரங்கள். ஒரு பக்கம் படிவரிசை, மற்ற இடமெல்லாம் புல் சரிவு. சரிவில் ஜனங்கள் போர்வை விரித்து, நம் ஊரில் தேர் பார்க்க உட்காருவது போல் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பு அங்கி போட்ட துறவிகள் கம்பளித் தொப்பியோடு நின்றார்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒவ்வொருவரும் கார்ப் பின்கதவைத் தூக்கி வைத்துக்கொண்டு, அடுப்பு மூட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு மேலே அடுக்கிச் சுட்டெடுக்கிற, ஹாட்டிஷ் என்ற மின்னசோட்டா பண்டம், துறவிகள் மடத்தின் கோதுமை ரொட்டி என்று விருந்தே நடந்தது. நான் பாட்டுக்குக் குளிருக்காக ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம் கொண்டுபோயிருந்தேன். பாட்டியம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர, "இது என்ன சூப்? இன்னும் கொஞ்சம் ஊற்று" என்றார். அன்றிலிருந்து வருஷா வருஷம் ரசம் என் பொறுப்பு.

அன்றைக்குப் பதின்மூவாயிரம் பேர் கூடியிருந்தார்கள். வழக்கமாக அவ்வளவு பேர் வரமாட்டார்களாம். காரணம், ஜான் கலார்டி என்கிற பயிற்சியாளர். அவருக்கு அப்போது 77 வயது. 1953 முதல் அதே கல்லூரியில் இருந்தவர். அன்றைய ஆட்டத்தில் ஜெயித்தால் எடி ராபின்சன் என்ற பெரிய பயிற்சியாளரின் 408 வெற்றிகளைத் தாண்டிவிடுவார். ஆட்டம் இழுபறியாகப் போய், கடைசியில் பெத்தெல் கல்லூரியை 29-க்கு 26 என்று ஜெயித்தார்கள். யார் யாரோ என்னைக் கட்டிக்கொண்டார்கள். என் பிள்ளை பாட்டியம்மாவின் கணவர் தோளில் ஏறி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான்.

கலார்டியைப் பற்றிப் பாட்டியம்மா சொன்னதுதான் எனக்குப் பிடித்திருந்தது. அவரை யாரும் 'கோச்' என்று கூப்பிடக் கூடாதாம், 'ஜான்' என்றுதான் கூப்பிட வேண்டும். பயிற்சியில் விசில் கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சியின்போது ஒருவரையொருவர் தரையில் சாய்க்கவே கூடாது. "பிள்ளைகளை எதுக்கு வீணாகக் காயப்படுத்தணும்னு கேட்பார்" என்றார். சேர வந்த எந்தப் பையனையும் லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பியதும் கிடையாது. அதனால் அந்த டீமில் எப்போதும் நூற்றைம்பதுக்கும் மேல் பையன்கள் இருப்பார்கள். ஆடுவது பதினோரு பேர், மாற்றாளாக இறங்குவது முப்பது நாற்பது பேர். மற்றவர்கள் சீருடை போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் வரிசையாக நிற்பார்கள், அவ்வளவுதான். 2012-ல் 489 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். கல்லூரி ஃபுட்பாலில் அத்தனை வெற்றி கண்டவர் வேறு எவரும் இல்லை. 2018-ல் காலமானார்.

பார்க்கிறவரைக்கும் சரிதான். ஆனால் என் பிள்ளை ஹைஸ்கூலில், "நானும் சேரட்டுமா அம்மா?" என்று கேட்டபோது எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. "கூடவே கூடாது. ஓடணும்னா ஓட்டப் பந்தயத்தில் ஓடு" என்று சொல்லிவிட்டேன். அவனும் ஓடினான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

2014-ல் செயின்ட் ஜான்ஸிலேயே சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தான். மறு வருஷம் ஆகஸ்டில், "காலேஜில் வேலை இருக்கு, முன்கூட்டியே போகணும்" என்று மூட்டை கட்டினான். என் கணவர் ஒன்றும் சொல்லாமல் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் செயின்ட் தாமஸ் கல்லூரியோடு ஆட்டம். இரண்டும் கத்தோலிக்கக் கல்லூரிகள், 1920-ல் அந்த லீக் தொடங்கியபோதே சேர்ந்தவை, பரம்பரைப் பகையாளிகள். இவர்கள் சிவப்பு, அவர்கள் ஊதா. ஒரே குடும்பத்தில் அண்ணன் இங்கே தம்பி அங்கே என்று இருப்பார்கள். 17 ஆயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள், நிற்க இடமில்லை. பாட்டியம்மா பைனாகுலரில் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அந்த ஓரத்தில் நிற்கிறது உன் பிள்ளை மாதிரி இருக்கே?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்கிப் பார்த்தேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு, சாட்சாத் அவன்தான்.

அன்றைக்கு யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கணவரிடம் சண்டை போட்டேன். அவருக்கு முதலிலேயே தெரியுமாம்! பிள்ளைக்குப் போன் போட்டேன். "பொய் சொல்லிட்டுப் போயிருக்கியே, உனக்கு வெட்கமா இல்லை?" என்றேன். "சொன்னா விட்டிருப்பியா அம்மா?" என்றான். பதில் சொல்ல முடியாமல் போனை வைத்தேன். இனி அந்த மைதானத்துப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் செய்தேன்.

என் கோபத்துக்குக் காரணம் பொய் மட்டும் இல்லை. பாட்டியம்மாவின் கணவரும்தான்.

என் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருந்த அந்தத் தாத்தா, அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். மனைவியை அடையாளம் தெரியாது. வாலிபத்தில் வேறொரு ஊரில் வருஷக்கணக்காக ஃபுட்பால் ஆடியவர். தலையில் அடி வாங்கிவிட்டு, கண் இருட்டினால் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி இறங்குவதுதான் அந்தக் காலத்து வீரமாம்.

பத்து நாள் கழித்துப் பாட்டியம்மா வந்து என் சமையலறை மேஜையில் உட்கார்ந்தார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டேன்: "அவருக்கு இப்படி ஆனது அந்த ஆட்டத்தால்தானே? அப்புறமும் எப்படி உங்களால் போய்ப் பார்க்க முடிகிறது?"

வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்குத் தெரியாது. டாக்டராலும் சொல்ல முடியலை. வயசான எத்தனையோ பேருக்கு மறதி வருது. ஆனா ஒண்ணு தெரியும். அவருக்குத் தலை வலிச்சப்போ ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. டீமை விட்டு எடுத்துடுவாங்கன்னு பயம். உன் பிள்ளையை ஆடாதேன்னு நீ கட்டிப்போட முடியாது, அவன் பெரியவன். தலை வலிச்சா சொல்லுவானான்னு மட்டும் கேட்டுக்கோ" என்றார்.

அந்த வார்த்தை என்னைத் தூங்க விடவில்லை. யோசித்துப் பார்த்தால், எங்கள் வீட்டில் பொய் சொல்லும்படி வைத்திருந்ததே நான்தான். எதைச் சொன்னாலும் 'கூடாது' என்கிற அம்மாவிடம் எந்தப் பிள்ளை தலைவலியைச் சொல்வான்?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது சாதம் போட்டுக்கொண்டே சொன்னேன். "நீ ஆடறதை நான் தடுக்கலை. ஒரே ஒரு சத்தியம் பண்ணு. தலையில் எங்கே, எப்படி அடிபட்டாலும், சின்ன அடின்னாலும், அன்னிக்கே எங்கிட்டயும் காலேஜ்லயும் சொல்லணும். நான் திட்ட மாட்டேன்." அவன் என் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். மூன்றாவது தடவை குழம்பு கேட்டான்.

அதன் பிறகு மறுபடி மைதானத்துக்குப் போனேன். தாத்தா அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். பாட்டியம்மாவும் நானும் சரிவில் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவோம். அதற்குள் காலமும் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் வர முடியாதவர்கள் உள்ளூர் ரேடியோவில் வர்ணனை கேட்பார்கள். பிறகு ஆட்டத்தைக் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் அப்படியே காட்ட ஆரம்பித்தார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு இங்கே ஆட்டம் தொடங்கினால் நம் ஊரில் ராத்திரி பதினொன்றரை. மன்னார்குடியில் என் மாமியார் போர்வையைப் போர்த்திக்கொண்டு செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் கேட்டார்:

"எதுடி நம்ம பிள்ளை?"

"ஓரத்துல நிக்கிறாங்களே அத்தை, அதுல இடது பக்கத்திலிருந்து நாலாவது ஆள்."

"எப்ப ஆடுவான்?"

"ஆட மாட்டான் அத்தை. நிப்பான்."

"நிக்கிறதுக்கா இவ்வளவு தூரம் போனான்?" என்று கேட்டாரே பார்க்கலாம்! ஆனாலும் அந்த சீசனில் ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் பார்த்தார்.

அவன் நாலாவது வருஷத்தில் இருந்தபோது, 2017-ல், பெரிய சமாசாரம் ஒன்று வந்தது. செயின்ட் தாமஸோடு அந்த வருஷ ஆட்டம் காலேஜ்வில்லில் இல்லை, மின்னியாபொலிஸ் நகரத்தில் டார்கெட் ஃபீல்ட் என்கிற பெரிய பேஸ்பால் ஸ்டேடியத்தில். செப்டம்பர் 23. நாற்பதாயிரம் பேர் கொள்ளும் இடத்தில் சீருடையோடு நிற்கலாம், ஒருவேளை ஒரு நிமிஷமாவது உள்ளே இறக்கிவிட்டாலும் விடுவார்கள் என்று பிள்ளைகளுக்கெல்லாம் கனவு.

அதே வருஷம் ஜூலையில் இன்னொரு செய்தியும் வந்திருந்தது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஃபுட்பால் ஆடி இறந்துபோன 202 பேருடைய மூளையைப் பரிசோதித்ததில் 177 பேருக்கு, அடிமேல் அடி பட்டதால் வரும் ஒரு மூளைச் சிதைவு நோய் இருந்ததாம். கல்லூரி அளவில் மட்டும் ஆடிய 53 பேரில் 48 பேருக்கு. இவையெல்லாம் ஏதோ கோளாறு என்று குடும்பத்தாருக்கு ஏற்கெனவே சந்தேகம் தட்டி, தானமாகக் கொடுத்த மூளைகள். ஆகவே ஆடுகிற எல்லாருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடக் கூடாது என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் பெற்ற மனசு கேட்குமா? அந்தப் பேப்பரை மடித்து அலமாரியில் வைத்தேன். அவனிடம் காட்டவில்லை. சத்தியம் ஒன்று இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

ஆட்டத்துக்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"அம்மா, சைக்கிள்ல போகும்போது மண்ணில் சறுக்கி விழுந்துட்டேன். தலை லேசா தரையில் இடிச்சுது. யாரும் பார்க்கலை. ரத்தம் எல்லாம் இல்லை. ஆனா வெளிச்சம் பார்த்தா தலை வலிக்குது. படிச்சா எழுத்து ஓடுது."

ஃபுட்பால் என்று நான் வருஷக்கணக்கில் நடுங்கினேனே, கடைசியில் அடிபட்டது சைக்கிளில்!

உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு கணம் என் மனசில் தோன்றியது என்ன தெரியுமா? 'யாரும் பார்க்கலையே... ஒரு வாரம்தானே... சும்மா ஓரத்தில்தானே நிற்கப் போகிறான்...' மூன்று வருஷமாக அவன் நின்ற நிற்பு அத்தனையும் என் கண் முன்னால் வந்தது. 'சொல்லாதே' என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "காலேஜ்ல சொன்னியா?" என்றேன்.

"உனக்குப் பண்ணிட்டு அவங்களுக்குத்தான் பண்ணப் போறேன்."

"உடனே பண்ணு. அப்பாவும் நானும் கிளம்பி வரோம்."

டாக்டர் பார்த்துவிட்டு மூளை அதிர்ச்சி என்றார். அவர் எனக்குப் புரியும்படி விளக்கியதை, பிள்ளை வளர்க்கிற உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மண்டையோட்டுக்குள் மூளை, குடத்துத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. குடம் உடையாவிட்டாலும் வேகமாக ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும். ஹெல்மெட் குடம் உடையாமல் காக்கும். அலம்புவதை முழுக்கத் தடுக்காது. மயக்கம் போட்டால்தான் மூளை அதிர்ச்சி என்பதும் தப்பு. பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் போவது, கேட்டதையே திரும்பக் கேட்பது, எரிச்சல், தூக்கக் கோளாறு, இவைதான் அடையாளம். அநேகம் பேருக்குச் சில வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். ஆனால் அது ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால்தான் ஆபத்து.

அடிபட்ட பிள்ளை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, கை கால் பலவீனமானாலோ, கண்பாவை ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகத் தெரிந்தாலோ, எழுப்பினாலும் எழுந்திருக்காமல் தூங்கினாலோ, 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தொட்டிலிலிருந்து விழுகிற குழந்தைக்கும், மாமரத்திலிருந்து விழுகிற பையனுக்கும், ஸ்கூட்டரிலிருந்து விழுகிற பெரியவருக்கும் இதே விதிதான்.

தலைவலி முழுசாகப் போன பிறகு, ஒவ்வொரு படியாக, ஒரு படிக்கு ஒரு நாளாவது என்று வைத்துத்தான் மறுபடி ஆட விடுவார்களாம். சனிக்கிழமைக்குள் அது நடக்காது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு டார்கெட் ஃபீல்டில் 37,355 பேர். மூன்றாம் பிரிவு ஆட்டத்துக்கு அதற்கு முன்னால் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததே இல்லை. ஒரு பாதி சிவப்பு, மறு பாதி ஊதா. காலேஜ்வில்லில் நாங்கள் உட்காரும் சரிவு, மரங்கள், துறவிகளின் கம்பளித் தொப்பி ஒன்றும் இல்லை. ஃபிளாஸ்க்கை உள்ளே எடுத்துப் போகலாமோ கூடாதோ என்று ரசத்தைக் காரிலேயே வைத்துவிட்டேன். எங்கள் சீட் எங்கோ மேலே. பாட்டியம்மா பைனாகுலரை என்னிடம் கொடுத்தார்.

ஓரத்தில் சிவப்பு வரிசை நின்றது. அதில் ஒருவன் மட்டும் சீருடை இல்லாமல், சாதாரண பனியனும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்றான். ஒவ்வொரு தடவை டீம் முன்னேறியபோதும் அவன்தான் முதலில் குதித்தான். குதித்துவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். செயின்ட் தாமஸ் 20-க்கு 17 என்று ஜெயித்தது. ஊதாப் பக்கத்தில் எல்லாரும் எழுந்து நின்று கத்தியபோது நான் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பாட்டியம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே, "என் வீட்டுக்காரர் இப்படி ஒரு தடவையாவது நின்னிருந்தா..." என்றார். முடிக்கவில்லை.

பிள்ளை அக்டோபரில் தேறினான். அந்த சீசன் முடிவதற்குள் சொந்த மைதானத்தில், ஜெயிப்பது உறுதியாகிவிட்ட ஓர் ஆட்டத்தின் கடைசியில், அவனையும் இறக்கினார்கள். மூன்று தடவை ஓடினான். பந்து அவன் பக்கமே வரவில்லை. மாமியார் மன்னார்குடியிலிருந்து போன் போட்டு, "நல்லாத்தான் ஓடினான்" என்றார்.

2018 மே மாதம் பட்டம் வாங்கினான். அதற்கு மறுவருஷம் லீகே கலகலத்துவிட்டது. செயின்ட் தாமஸ் மற்றக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு பெரிதாக வளர்ந்திருந்தது. 2017-ல் ஒரு சின்னக் கல்லூரியை 97-க்குப் பூஜ்யம் என்று அடித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 மே மாதம், இனி இவர்களோடு சமமாகப் போட்டி போட முடியாது என்று லீக் அவர்களை வெளியேறச் சொல்லிவிட்டது. அவர்கள் 2021-ல் மூன்றாம் பிரிவிலிருந்து நேரே முதல் பிரிவுக்கே போய்விட்டார்கள். கடைசி ஆட்டம் 2019 அக்டோபர் 19, செயின்ட் பால் நகரத்தில். பாட்டியம்மாவுக்கு முட்டி வலி, படியேற முடியாது. என் வீட்டுக் கூடத்தில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். ஜெயித்தது நம் பக்கம்தான். "ஜெயிச்சாலும் இனிமே யாரைத் திட்டறது?" என்று அங்கலாய்த்தார். மறுவருஷம் கொரோனா வந்து, இலையுதிர் காலத்தில் ஆட்டமே இல்லாமல் போயிற்று.

எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தோம். ஆனால் 2021-ல் வேறொரு கல்லூரி லீகில் வந்து சேர்ந்தது. மறுபடி சனிக்கிழமை வந்தது. கூட்டம் குறைவுதான். சரிவில் காலை நீட்டி உட்கார இடம் கிடைக்கிறது. வீட்டிலேயே பார்க்கலாம் என்று வராமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வசதி இல்லாவிட்டால் என் மாமியார் பேரனைப் பார்த்திருப்பாரா? ஆனால் செல்போன் பந்து போகிற பக்கம்தான் காட்டும். ஓரத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்தை, நம் பிள்ளை என்றால் நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

சமீபத்தில் ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் போர்வையில் ஒரு பெண். முதல் வருஷத்துப் பையனின் அம்மா என்று முகத்திலேயே எழுதியிருந்தது. ஒவ்வொரு மோதலுக்கும் கண்ணை மூடிக்கொண்டாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து ரசம் ஊற்றிக் கொடுத்தேன். இருமினாள், சிரித்தாள். பிறகு மெதுவாக, "உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டாள்.

"பயம் இல்லாமல் என்ன? இருக்கு. உன் பிள்ளை தலை வலிச்சா உங்கிட்ட சொல்லுவானா?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. மைதான ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "உங்கள் பிள்ளையும் இங்கே ஆடினானா?" என்றாள்.

"ஆடலை. நின்னான். நல்லா நின்னான்" என்றேன்.